மூன்றாவது குப்பியில் புகை

மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. பதில் தெரிந்த கேள்வி. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

இதோடு ஒரு சிறு பெட்டி வந்திருக்கும். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு பழுப்புக் குப்பி. எங்கள் ஆய்வகத்தில் குடிநீர் மாதிரி எடுக்கிற குப்பிதான். புதியது. கூரியர்க்காரர் பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன சார்?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"டெஸ்டுக்குப் போற தண்ணி."

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். சிரித்தார். முத்திரை குத்தினார்.

ஆம், அந்தப் பாட்டிலைத் திறந்துவிட்டேன். நாம் இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. இருபத்தைந்து வருடம் மரப்பீப்பாயில் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி. உங்கள் பத்தாவது திருமண நாளில் திறப்பதாக இருந்தோம். இனி அப்படி ஒரு நாள் இல்லை. மே மாத வாய்தாவோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அக்காவின் வக்கீல் சொல்கிறார்.

அக்கா பின்னறையில் இருக்கிறாள். அலுவலகம் போகிறாள், வருகிறாள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. போனில் உங்களோடு பேச எனக்குத் தைரியம் இல்லை, இந்த வீட்டின் சுவர்கள் மெலிசு. அதனால் கடிதம். பதிலை ஆய்வக முகவரிக்கே போடுங்கள்.

ஒரு ஏற்பாடு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குப்பிகளில் ஊற்றுவேன், ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. ஞாயிறு மாலை நான்கு மணி. நீங்கள் அங்கே, நான் இங்கே. முகர்வது, ருசிப்பது, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி. தோன்றியதை எழுதி உறையை ஒட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர் எழுதியதைப் பிரிக்கலாம். ஒருவர் மூக்கை இன்னொருவர் கெடுக்கக் கூடாது.

பாட்டிலில் பாதி குறைந்தால் உள்ளே போகிற காற்று மீதியைக் கெடுத்துவிடும். ஆகவே ரொம்ப நாள் இழுக்க முடியாது.

மே மாதத்துக்குப் பிறகு உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்தேன். தெரியவில்லை. அது தெரியாமல் உங்களை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இப்போதைக்கு,

உங்கள் மச்சான்


மார்ச் 10

அன்பு மச்சானுக்கு,

குப்பி உடையாமல் வந்தது. பஞ்சை இவ்வளவு பத்திரமாக யாராவது சுற்றியிருந்தால், உள்ளே நகையோ பல்செட்டோ இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

நான் இருக்கிறேன். வேலை இருக்கிறது. தீ விபத்துக்குப் பஞ்சமில்லை, இன்சூரன்ஸ் சர்வேயருக்கு ஓய்வில்லை. போன வாரம் ஒரு துணிக் கிடங்கு. சாம்பலில் நின்று நின்று செருப்பின் அடி உருகிப் போயிற்று. ஆபீசில் இப்போது எனக்குப் பெயர் 'சாம்பல் சார்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள்.

நீ கேட்டது:

முதலில் வருவது புகை அல்ல. புகை போன பிறகு அறையில் நிற்குமே, அது. தண்ணீர் பீய்ச்சி அணைத்த மரம், மறுநாள் காலையில். உத்தரத்தின் கரிந்த தோலைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெளுப்பாக நல்ல மரம் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசனை.

பிறகு ஆஸ்பத்திரி. டிங்க்சர் அயோடின், ஈரமான கட்டுத்துணி.

தண்ணீர் விட்டதும் பழைய கயிறு. கப்பலில் கட்டுகிற மாதிரி தடித்த கயிறு, அதன் நுனி மட்டும் எரிந்தது.

தொண்டையில் நீண்ட நேரம் நிற்கிறது. வெளியே போகச் சொல்லியும் போகாத விருந்தாளி.

உன் அக்காவுக்கு அந்தப் பின்னறையில் வெளிச்சம் போதுமா? படிக்கிறவள். விளக்கு மேசையின் இடது பக்கம் இருக்கட்டும்.

அத்தான்


மார்ச் 17

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் குறிப்பை நான்கு முறை படித்தேன். சுரண்டிய உத்தரம். எனக்கு இப்படி எழுத வராது.

நான் எழுதி ஒட்டி வைத்திருந்தது இவ்வளவுதான்: கருகிய ரொட்டி ஓரம், அதன் மேல் தேன். உப்பு. ஆரஞ்சுத் தோல். நடுவில் ஒரு தித்திப்பு, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. புகை பின்னால், அடுத்த அறையில் யாரோ உட்கார்ந்திருப்பது போல. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பையன் கட்டுரை.

ஞாயிறு நான் கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். வழக்கமாக வரமாட்டாள்.

"அப்படி என்னதான்டா இருக்கு அதுல?"

சொன்னேன். சதுப்பு நிலத்துச் செடி கொடியெல்லாம் அழுகி, ஆயிரக்கணக்கான வருடம் அமுங்கி, கறுப்பு மண்கட்டியாகக் கிடக்கும். பீட் என்று பெயர். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்கள். புகை தானியத்தில் ஏறிக்கொள்ளும். காய்ச்சி வடித்தாலும் போகாது. பீப்பாயில் வயதாக ஆக, மெல்லப் பின்வாங்கும், தித்திப்பு முன்னால் வரும். இளசில் அறையும், வயதானதும் தோளில் கை போடும்.

அவள் முழுக்கக் கேட்டாள். பொறுமையாக.

"குடிகாரனை விட்டுட்டு வர்றது சுலபம்டா. ஊரே சரின்னு சொல்லும். ரசிகனை விட்டுட்டு வந்தேன். 'அவரு தள்ளாடினதே இல்லையே, கை நீட்டினதே இல்லையே'ன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. தள்ளாடல. நீட்டல. தினமும் விளக்கம் சொல்லிக்கிட்டே பாட்டிலைக் காலி பண்ணுவாரு. நான் வகுப்புல உக்காந்த மாதிரி உக்காந்திருப்பேன். நீயும் நல்லாத்தான் வகுப்பு எடுக்கற."

எழுந்து போய்விட்டாள்.

உங்களுக்கு இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் வேறு எதை எழுதுவது.

இரண்டாவது குப்பி இதோடு. விளக்கை இடது பக்கம் மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னீர்கள் என்று சொல்லவில்லை.

உங்கள் மச்சான்


மார்ச் 29

அன்பு மச்சானுக்கு,

உன் அக்கா சொன்னது சரி. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. நான் சர்வே ரிப்போர்ட் எழுதினாலும் அதைத்தான் எழுதுவேன், இன்னும் மோசமான தமிழில்.

இரண்டாவது குப்பி. இந்த முறை வயர் எரிந்த வாசனை. பிளாஸ்டிக் அல்ல, அதற்கு முந்தியது, செம்பு சூடாகிற அந்தக் கொஞ்ச நேரம். பிறகு எரிந்த காகிதம். கட்டுக் கட்டாக அடுக்கிய காகிதம் முழுக்க எரியாது மச்சான், ஓரம்தான் எரியும், நடுவில் எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும். அந்த நடுப்பக்கத்தைப் பிரித்தால் வருகிற வாசனை.

தண்ணீர் விட்ட பிறகு கடலோரத்தில் அணைந்த நெருப்பு.

களைப்பாக இருக்கிறது. நேற்று ஒரு வீடு. ஆள் சேதம் இல்லை. வீட்டுக்காரர் கரிந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டு, 'இது எவ்வளவுக்குப் போகும்' என்று கேட்டார். உட்கார்ந்திருக்கிறாரே, எழுந்தால்தானே பார்க்க முடியும் என்று நினைத்தேன். அவரை எழுப்ப மனம் வரவில்லை.

நீ சாப்பிடுகிறாயா? உன் அக்கா சமைக்கிறாள் என்பதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா.

அத்தான்


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

சாப்பிடுகிறேன். நேரம் தவறிச் சாப்பிடுகிறேன். அக்கா இப்போதெல்லாம் இருட்டுவதற்கு முன்பே தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுகிறாள். போகும்போது கூடத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போகிறாள். கொசு வருகிறது என்று நான் மூடுகிறேன். காலையில் பார்த்தால் திறந்திருக்கிறது. இந்த ஜன்னல் விவகாரத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆய்வகத்தில் தினமும் அதே வேலை. குப்பியைத் திற, முகர்ந்து பார், எழுது. குழாய்த் தண்ணீரில் மண் வாசனை, பாசி வாசனை, மருந்து வாசனை. பெரும்பாலும் ஒன்றும் இல்லை. 'வாசனை இல்லை' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுதுகிறேன். வாரம் முழுக்க ஒன்றுமில்லாததை முகர்ந்த மூக்குக்கு ஞாயிறு மாலை ஒரு கூலி.

உங்கள் குறிப்புகள் முன்பைவிட நன்றாக இருக்கின்றன. முன்பெல்லாம் 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டு அடுத்தது ஊற்றிக்கொள்வீர்கள். இப்போது உங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது போல. ஒரே ஒரு குறை. இரண்டு கடிதத்திலும் தித்திப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. இவ்வளவு வயதான மால்ட்டில் அதுதானே விசேஷம்? உங்கள் மூக்குக்குப் புகைதான் பழக்கம், சரி. ஆனால் இந்த முறை தேடிப் பாருங்கள்.

மூன்றாவது குப்பி இதோடு. கையெழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்கவும். மேசை ஆடுகிறது.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 14

அன்பு மச்சானுக்கு,

தேடினேன். கிடைத்தது. கொஞ்சம். வெல்லப்பாகு தீய்ந்து அடிப்பிடித்த பாத்திரம், அதன் அடியில். ஆனால் இந்த மூன்றாவது குப்பியில் புகைதான் எல்லாவற்றிலும் கனம். திறந்ததுமே அறைக்குள் வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடம் எரிந்ததைப் பார்க்கப் போனேன், நினைவிருக்கிறதா, உங்கள் வீட்டுக்கு வந்தபோது சட்டையைக் கழற்றி வெளியே போடச் சொன்னாள் உன் அக்கா. அந்தச் சட்டை. பெஞ்சுப் பலகை, கரும்பலகை, சுண்ணாம்பு, தார்ப்பாய். எல்லாம் சேர்ந்து எரிந்து நனைந்தது.

நாக்கில் எண்ணெய் போலப் பரவுகிறது. கடைசியில் சாம்பல், வாயில் சுத்தமாகச் சாம்பல்.

வாய்தா தேதி வந்துவிட்டது. மே இருபது. போய்க் கையெழுத்துப் போட வேண்டும். என் பக்கத்து வக்கீல், 'கவலைப்படாதீங்க, அஞ்சு நிமிஷ வேலை' என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

அத்தான்


ஏப்ரல் 19

அன்புள்ள அத்தானுக்கு,

இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்றாவது குப்பியை ஞாயிறு திறந்தேன். புகை இல்லை. துளிகூட இல்லை. கிளாஸை மாற்றினேன், கையில் வைத்துச் சூடாக்கினேன், தண்ணீர் விட்டேன். ஆப்பிள், வெனிலா, வெட்டிய புல். அவ்வளவுதான். பயந்துவிட்டேன். எனக்குச் சம்பளமே மூக்குக்குத்தான். தீக்குச்சியைக் கொளுத்தி முகர்ந்தேன், மண்ணெண்ணெய், காப்பித்தூள். எல்லாம் தெரிந்தது. புகை மட்டும் என்னைவிட்டுப் போய்விட்டதா?

பிறகு உங்கள் கடிதம். 'புகைதான் எல்லாவற்றிலும் கனம்.' ராத்திரி தூங்கவில்லை.

மறுநாள் காலை குப்பியில் மிச்சம் இருந்ததை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், பக்கத்து மேசைக்காரியிடம் நீட்டினேன். அவளைவிட நல்ல மூக்கு எங்கள் பிரிவில் இல்லை.

"இதுல புகை வாசனை வருதா பாருங்க."

"காலங்காத்தால என்ன தண்ணி சார் இது?" ஆனாலும் முகர்ந்தாள். "புகையா? ஆப்பிள் பழம் மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு. மூடி வைங்க, பெரியவர் வர்றார்."

வீட்டுக்கு வந்து பெரிய பாட்டிலைத் திறந்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மூக்கை வைத்ததும் புகை. அதே புகை. அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது குப்பிகளை நிரப்பிய அன்று மேசையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று நம்முடையது. இன்னொன்று நான் வார நாளில் தொடுகிற சாதாரண மால்ட், பீட்டே படாதது. குப்பிகளில் அதை ஊற்றிவிட்டேன். உங்களுடையதிலும், என்னுடையதிலும். எட்டு வருட வேலையில் ஒரு மாதிரியைக்கூட நான் மாற்றியதில்லை.

ஆக, உங்கள் குப்பியிலும் புகை இல்லை அத்தான்.

பள்ளிக்கூடம், சுண்ணாம்பு, தார்ப்பாய். அதெல்லாம் எங்கிருந்து வந்தது? மூக்கு போய்விட்டதா? அப்படியென்றால் சொல்லியிருக்கலாமே, டாக்டரைப் பார்த்திருக்கலாமே. இல்லை குடிக்கவே இல்லையா? நான் ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிக்கு யாரோடு குடித்துக்கொண்டிருந்தேன்?

மச்சான்


ஏப்ரல் 26

அன்பு மச்சானுக்கு,

மூக்கு நன்றாக இருக்கிறது. குடிப்பதில்லை.

போன ஆகஸ்டிலிருந்து. உன் அக்கா போன பிறகு சில மாதம் இன்னும் அதிகமாகக் குடித்தேன், பிறகு நிறுத்தினேன். காரணம் கேட்காதே, எனக்கே தெளிவாகத் தெரியாது. வியாழக்கிழமைகளில் குடியை விட்டவர்கள் கூடி ஒரு ஹாலில் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்காருகிறோம். ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு வாத்தியார், தையற்கடைக்கார அம்மா ஒருத்தர். தேநீர் மட்டமாக இருக்கும். விளக்கம் சொன்னால் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், உடனே சிரித்துவிடுவார்கள்.

நீ அனுப்பிய மூன்றையும் வந்த அன்றே கழுவுதொட்டியில் ஊற்றினேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றினேன், தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு. அந்த வாசனை உள்ளே வந்திருந்தால் இன்று இந்தக் கடிதத்தை எழுதுகிறவன் வேறு ஆள்.

ஏன் சொல்லவில்லை? உன் முதல் கடிதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு நேரம், ஒரு வேலை இருந்தது. குடியை நிறுத்தியவனுக்கு மாலை எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது. குடிக்கவில்லை என்று எழுதினால் நீ குப்பியை நிறுத்துவாய். குப்பி நின்றால் கடிதம் நிற்கும். உனக்கும் எனக்கும் நடுவில் வேறு என்ன இருந்தது? அதனால் எரிந்த இடங்களை எழுதினேன். எல்லாம் நான் முகர்ந்தவைதான், கிளாஸில் அல்ல.

இதை உன் அக்காவிடம் சொல்லாதே. அது எனக்குக் கூலி கேட்பது போல ஆகிவிடும்.

இனி என் தொழில்.

எரிந்த வீட்டுக்குள் போனதும் நான் தேடுவது தரையை. தீ மேலே ஏறுகிற பொருள். சுவர் கருகியிருக்கும், கூரை விழுந்திருக்கும், அதெல்லாம் பிறகு நடந்தது. எங்கே தரை மரம்வரை எரிந்திருக்கிறதோ அங்கேதான் தொடங்கியிருக்கும். வீட்டுக்காரர் எவ்வளவு பேசினாலும் நான் குனிந்துதான் நடப்பேன்.

உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு அப்படி நடந்து பார்த்தேன்.

எட்டு வருடத்தில் ஒரு மாதிரியை மாற்றாதவன் மாற்றியிருக்கிறான். அப்போது அவன் என்ன நிலையில் இருந்தான்? மேசையில் ஏன் இரண்டு பாட்டில் திறந்திருந்தது? நம் பாட்டிலிலிருந்து நீ அனுப்பியது இரண்டு சின்னக் குப்பி, நீ வைத்துக்கொண்டதும் இரண்டு, ஆனால் பெரிய பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது. காலையில் வேலை இடத்தில் குப்பியைத் திறந்திருக்கிறாய். ஜன்னலைத் திறக்கிறாள் ஒருத்தி, நீ மூடுகிறாய். மேசை ஆடுகிறது என்கிறாய். அந்த மேசையை நானும் நீயும் சேர்ந்துதான் வாங்கினோம். அது கல் மாதிரி இருக்கும்.

நீ எதையும் மறைக்கவில்லை. எல்லாம் நீயே எழுதினதுதான்.

உன் அக்கா என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள் மச்சான்.

எழுது. குப்பி வேண்டாம். வெறும் கடிதம் போடு.

அத்தான்


மே 1

மதிப்புக்குரிய சர்வேயர் அவர்களுக்கு,

தங்கள் அறிக்கை கிடைத்தது. இழப்பின் மதிப்பை எழுத விட்டுவிட்டீர்கள்.

இருபத்தைந்து வருடம் மரத்துக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒன்றைக் கழுவுதொட்டியில் ஊற்றியிருக்கிறீர்கள். அதில் பாதி என்னுடையது. வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். ஒரு வரி எழுத முடியாதவர் பக்கம் பக்கமாகப் பொய் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் நான் பொறாமைப்படுகிற அளவுக்கு.

நான் வேலைக்குப் போகிறேன். நேரத்துக்குப் போகிறேன். தள்ளாடியதில்லை. யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விட்டவர்களுக்கு எல்லாரும் விட வேண்டியவர்களாகத் தெரிவது சகஜம் என்று படித்திருக்கிறேன். வியாழக்கிழமை வட்டத்துக்கு ஆள் குறைகிறதா?

ஒரு ரசனையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். என் தப்பு.

மே மாதத்துக்குப் பிறகு உங்களை என்னவென்று கூப்பிடுவது என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. கூப்பிட வேண்டியதில்லை.

(கையெழுத்து மட்டும்)


மே 21

மச்சானுக்கு,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் நேற்று நடந்ததை உனக்கு நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? உன் அக்கா சொல்லமாட்டாள்.

வக்கீல் சொன்ன மாதிரி ஐந்து நிமிடம்தான். நீதிபதிக்குச் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்து, 'யோசிச்சுட்டீங்கல்ல?' என்று கேட்டார். யோசித்துவிட்டோம் என்றோம். ஒரே குரலில் வந்தது. பல வருடத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே குரலில் சொன்ன பதில்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அவள் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன், நடுவில் அவளுடைய பை.

"மெலிஞ்சிட்டீங்க."

"வேலை."

"ம்."

பிறகு அவளே சொன்னாள், ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டாளாம். ஞாயிறு போகிறாளாம்.

"தம்பி வீட்டுல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. நல்லவன். நல்லா விளக்கம் சொல்றான்." பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "உங்களுக்கு எழுதறான்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"விளக்கை ஒருநாள் திடீர்னு இடது பக்கம் மாத்தி வெச்சான். அவனுக்கா தோணும் அது?"

எழுதுகிறான் என்றேன். இப்போது எழுதுவதில்லை என்று சொல்லவில்லை.

அவள் எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைக்கூட என்னால பாத்துக்க முடியல. நான் களைச்சுட்டேன். அவனையாவது நீங்க பாத்துக்குங்க. உங்களால முடிஞ்சா." போய்விட்டாள்.

நான் நிறுத்தியதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது. ஆனால் அவள் படியிறங்கிப் போன வேகத்தைப் பார்த்தேன். அப்படிப் போகிறவளைத் திரும்பிப் பார்க்க வைப்பது நியாயமில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எழுதியதை நானும் என் காலத்தில் சொல்லியிருக்கிறேன், ஏறக்குறைய அதே வார்த்தைகளில், உன் அக்காவிடம்.

நான் ஒருநாள் வரட்டுமா? அறிவுரை சொல்ல அல்ல. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். சட்டப்படி நான் இப்போது உனக்கு யாரும் இல்லை, ஆகவே நீ கதவைத் திறக்காவிட்டாலும் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள்.

அத்தான் என்றே கையெழுத்துப் போடுகிறேன். வேறு எழுதி எனக்குப் பழக்கமில்லை.

அத்தான்


ஜூன் 3

அத்தானுக்கு,

உடனே எழுதவில்லை. மாலைகளில் எழுதினேன். நீளமாக, நன்றாக. காலையில் படித்துப் பார்த்துக் கிழித்தேன். இது காலையில் எழுதுவது. அதனால் இவ்வளவு மோசமாக இருக்கிறது. கை கொஞ்சம் நடுங்குகிறது.

அக்கா போய்விட்டாள். பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தேன். டாக்சிக்காரர், 'ஊருக்கா மேடம்?' என்று கேட்டார். அவள், 'இல்ல, பக்கத்துலதான்' என்றாள். வண்டி திரும்பும்வரை நின்றேன். மேலே வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது அந்த அறையில்.

ஆய்வகத்தில் என்னை வாசனை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரி பெரியவரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்து, 'நாந்தான் சார் சொன்னேன்' என்றாள். சரியாகத்தான் சொன்னாய் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இல்லை. களைப்பாக இருந்தது. இப்போது முதல் மாடியில் குப்பி கழுவுகிற இடத்துக்குப் பொறுப்பு. குப்பிகள் வருகின்றன, போகின்றன. உள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்க வேண்டியதில்லை.

நம் பாட்டில் காலி. புதிதாக ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன் என்று எழுத எவ்வளவு ஆசை தெரியுமா? ஊற்றவில்லை. நேற்றுகூடக் குடித்தேன்.

நீங்கள் எழுதிய குறிப்புகளை மறுபடி படித்தேன். கரிந்த சோபாவில் உட்கார்ந்திருந்த அந்த ஆளை நீங்கள் கடைசியில் எழுப்பினீர்களா, இல்லையா? எழுதவே இல்லை.

வாருங்கள். ஆனால் காலையில் வாருங்கள் அத்தான். மாலையில் வந்தால் நான் ரொம்ப அழகாகப் பேசுவேன், நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

உங்கள் மச்சான்